அளவைக் கருவிகளுக்குள் இருக்கும் பவர் சப்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பழைய ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஒசிலோஸ்கோப்), மல்ரிமீற்றர், சிக்னல் ஜெனரேற்றர் திருத்தும் மேசை ஒன்றில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்கள், ரீவி திருத்துகிற தம்பிமார், கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய பெட்டியை வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் என்று கேட்பவர்கள் பலவகை. கேள்விகளை அவர்களுடைய வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன். மூடியைக் கழற்றும் எண்ணம் உள்ளவர்கள் கடைசி இரண்டு பதில்களை முதலில் வாசித்துவிடுங்கள்.

ரெகுலேற்றட் பவர் சப்ளை எண்டால் என்ன? சும்மா அடப்டரும் அதுவும் ஒண்டுதானே?

இரண்டும் 230 வோல்ற் ஏசியை டிசியாக மாற்றுகின்றன, ஒற்றுமை அவ்வளவுதான். ரான்ஸ்போமர் வைத்த பழைய பாரமான அடப்டர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே 12 வோல்ற் என்று எழுதியிருக்கும். ஒன்றும் கொழுவாமல் அளந்தால் 16, 17 காட்டும். சுமை ஏற ஏற இறங்கிக்கொண்டே போகும். வீட்டுக்கு வரும் கரண்ட் குறைந்தால் இன்னும் இறங்கும்.

ரெகுலேற்றட் சப்ளையில் உள்ளே வரும் வோல்ற்றேஜ் ஆடினாலும், சுமை கூடிக் குறைந்தாலும், பெட்டி சூடேறினாலும் வெளியே போவது அப்படியே நிற்கவேண்டும். முழுக்க அசையாமல் எதுவும் நிற்காது. எவ்வளவு அசைகிறது என்பதில்தான் விலை வித்தியாசம்.

அது எப்பிடித் தன்ரைபாட்டில சரிபண்ணுது?

ரான்ஸ்போமர் வோல்ற்றேஜைக் குறைக்கிறது. நாலு டயோட் சேர்ந்த பிறிட்ஜ் அதை ஒரே திசைக்குத் திருப்புகிறது. பெரிய கப்பாசிற்றர் ஒன்று பள்ளங்களை நிரப்புகிறது. இதுவரை சும்மா அடப்டரும் இதேதான். அதற்குப் பிறகு வழியில் ஒரு பவர் ரான்சிஸ்ரர் நிற்கும். வெளியே போகும் வோல்ற்றேஜில் ஒரு பங்கை இரண்டு ரெசிஸ்ரர்கள் பிரித்தெடுத்து, அசையாத ஒரு சிறு வோல்ற்றேஜோடு ஒப்பிடக் கொடுக்கும். அந்த அசையாத வோல்ற்றேஜைத்தான் றெபரன்ஸ் என்கிறோம். ஒப்பிடுவது ஒரு அம்பிளிபயர். வெளியே போவது கொஞ்சம் குறைந்தால் அது ரான்சிஸ்ரரைக் கூடத் திறக்கும், கூடினால் மூடும். பாடப்புத்தகத்தில் பின்னூட்டல் என்று படித்தது இதுதான்.

இவ்வளவையும் மூன்று கால் உள்ள ஒரு துண்டுக்குள் அடக்கியவர் பொப் விட்லர் என்ற அமெரிக்க ஐசி வடிவமைப்பாளர். 1969இல் வந்த எல்எம் 309 ஐந்து வோல்ற் கொடுத்தது. இன்று கடையில் வாங்கும் 7805 அதே வழியில் வந்தது. எல்எம் 317இல் உள்ளே இருக்கும் றெபரன்ஸ் 1.25 வோல்ற். வெளியே இரண்டு ரெசிஸ்ரர் போட்டு வேண்டிய அளவுக்கு அதைப் பெருக்கிக்கொள்கிறோம். 240 ஓமும் 720 ஓமும் போட்டால் 1.25இன் நாலு மடங்கு, அதாவது 5 வோல்ற்.

நாங்கள் 90களில சைக்கிள் டைனமோவை மிதிச்சு ரேடியோ கேட்டனாங்கள். அதுக்குள்ள ரெகுலேற்றர் ஒண்டும் இருக்கேல்லையே?

வயதான ஐயாமார் கேட்கிற கேள்வி, நல்ல கேள்வியும்கூட. கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் செய்தி கேட்க வேறு வழி இருக்கவில்லை. சைக்கிள் டைனமோ பொதுவாக 6 வோல்ற், 3 வாற். வருவது ஏசி. வேகமாக மிதித்தால் வோல்ற்றேஜும் கூடும், அதிர்வெண்ணும் கூடும். டயோட்டும் கப்பாசிற்றரும் போட்டால் ரேடியோ பாடும். மிதி தளர்ந்தால் சத்தம் கொஞ்சம் உடையும், பிறகு சரிவரும்.

ரேடியோ பொறுத்துக்கொள்கிறது, ஏனென்றால் அது எதையும் அளப்பதில்லை. நாலரை வோல்ற்றிலும் ஆறு வோல்ற்றிலும் அதே செய்திதான் வரும். அதே டைனமோவில் ஒரு வோல்ற்மீற்றரை ரெகுலேற்றர் இல்லாமல் ஓட்டினால், மிதிக்கும் வேகத்தோடு சேர்ந்து அளவும் மாறும். அளவைக் கருவிக்குள் இருக்கும் பவர் சப்ளையை வேறு சாமான்களின் பவர் சப்ளையிலிருந்து பிரிப்பது இந்த ஒரு விடயம்தான்.

அப்ப மீற்றர் காட்டுற எண்ணுக்கும் உள்ளுக்க இருக்கிற சப்ளைக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கோ?

இருக்கிறது. டிஜிற்றல் மீற்றர் எதையும் தனியாக அளப்பதில்லை. வந்த வோல்ற்றேஜ் என்னுடைய றெபரன்ஸின் எத்தனை பங்கு என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். றெபரன்ஸ் 5 வீதம் குறைந்துவிட்டால், சரியாக 12 வோல்ற் உள்ள இடத்தில் 12.63 என்று காட்டும். திரையில் எந்தத் தடுமாற்றமும் தெரியாது.

9 வோல்ற் பற்றரி போடும் சாதாரண மல்ரிமீற்றர் பலவற்றுள் இருப்பது 7106 என்ற ஐசியும் அதன் வழிவந்தவையும். அந்த ஐசி தனக்குள்ளேயே, பற்றரியின் பொசிற்றிவ் பக்கத்திலிருந்து சுமார் 2.8 வோல்ற் கீழே ஒரு நிலையான புள்ளியை உண்டாக்கி, அதிலிருந்துதான் றெபரன்ஸை எடுக்கிறது. பற்றரி 7 வோல்ற்றுக்குக் கீழே போனால் அந்தப் புள்ளியும் சரியும். றெபரன்ஸ் சுருங்கும், அளவு ஊதும். மலிவு மீற்றர் ஒன்று திடீரென்று வீட்டுக் கரண்டை 260, 270 என்று காட்டினால் மின்சார சபையைத் திட்டுவதற்கு முன் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

விலை கூடிய மீற்றர்கள் இந்த ஒரு விடயத்துக்காகவே பாடுபடுகின்றன. றெபரன்ஸாகப் பயன்படும் சீனர் டயோட் ஐந்தாறு வோல்ற் அளவில் இருக்கும்போதுதான் சூட்டுக்கு மிகக் குறைவாக அசையும். அதற்குக் கீழே உள்ளவை சூடேற இறங்கும், மேலே உள்ளவை ஏறும். எல்எம் 399 என்ற றெபரன்ஸ் ஐசி தனக்குள்ளேயே சிறு ஹீற்றர் வைத்து எப்போதும் ஒரே சூட்டில் இருக்கும். அப்படிப்பட்ட மீற்றரை ஓன் பண்ணி அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் விட்டுத்தான் வேலை தொடங்கவேண்டும்.

ஒரு ஸ்கோப்புக்குள்ள ஏன் அஞ்சாறு வோல்ற்றேஜ்? ஒண்டு காணாதோ?

காணாது. எண்ணும் சேர்க்கிற்களுக்கு 5 வோல்ற். அலையைப் பெருக்கும் அம்பிளிபயர்களுக்கு பிளஸ்ஸும் மைனஸும் வேண்டும், ஏனென்றால் அலை பூச்சியத்துக்கு மேலேயும் கீழேயும் போகும். பழைய குழாய்த் திரை ஸ்கோப்பில் இலத்திரன் கதிரை இழுத்துத் திருப்பும் தகடுகளை ஓட்ட 50, 100 வோல்ற் அளவில் ஒன்றிரண்டு. கதிரை முடுக்க ஆயிரக்கணக்கில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேற்றர் இருக்கும்.

வீட்டில ஸ்ரெபிலைசர் பூட்டியிருக்கு. பிறகேன் உள்ளுக்க இன்னொரு ரெகுலேற்றர்?

ஸ்ரெபிலைசர் 230ஐ ஓரளவுக்குக் கிட்டவாக வைத்திருக்கும், அதுவும் ரிலே மாறி அல்லது மோட்டர் சுற்றி முடிந்த பிறகு. உள்ளே இருப்பது மில்லிவோல்ற் கணக்கில், மைக்ரோசெக்கன் கணக்கில் வேலை செய்கிறது. ஒன்று மற்றதற்குப் பதில் ஆகாது. இரண்டும் இருந்தால் நல்லது.

பின்னேரம் கரண்ட் குறையேக்க மட்டும் ஸ்கோப்பில கோடு தடிச்சு நடுங்குது. பகலில நல்லாக் கிடக்கு. ஏன்?

சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது. லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் எல்லோரும் லைற் போட்டுச் சமைக்கும் நேரத்தில் இப்படி நடக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உள்ளே 7812 என்ற 12 வோல்ற் ரெகுலேற்றர் ஒன்று, ரான்ஸ்போமர் தருவது 15 வோல்ற் ஏசி என்று வையுங்கள். உச்சி 15இன் 1.414 மடங்கு, 21.2. பிறிட்ஜில் இரண்டு டயோட்டுக்கு 1.4 போக 19.8. கப்பாசிற்றர் 4700 மைக்ரோபரட், சுமை 1 அம்பியர் என்றால், 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை நிரம்பும் இடைவெளியில் கிட்டத்தட்ட 2.1 வோல்ற் இறங்கும். ஆகவே மிகத் தாழ்ந்த இடம் 17.7. 7812க்குத் தன் வேலையைச் செய்ய உள்ளே 14 வோல்ற்றாவது வேண்டும். தாராளமாக இருக்கிறது. இப்போது லைன் 190க்கு இறங்குகிறது. 15 வோல்ற் 12.4 ஆகும். உச்சி 17.5, டயோட் போக 16.1, பள்ளத்தில் சரியாக 14. விளிம்பில் நிற்கிறது. இன்னும் நாலு வோல்ற் லைனில் குறைந்தாலோ, பழைய கப்பாசிற்றர் பாதி வலுவை இழந்திருந்தாலோ, ஒவ்வொரு பள்ளத்திலும் ரெகுலேற்றர் கைவிட்டுவிடும். வினாடிக்கு 100 தடவை. திரையில் தெரியும் நடுக்கம் அதுதான்.

உறுதிசெய்ய ஸ்கோப்பின் ரிறிகரை, அதாவது அலையை எப்போது வரையத் தொடங்குவது என்று முடிவுசெய்யும் சுவிச்சை, லைனுக்குப் போட்டுப் பாருங்கள். நடுக்கம் அசையாமல் நின்றால் அது லைனிலிருந்து வருவது. பிறகு மல்ரிமீற்றரை ஏசி மில்லிவோல்ற்றில் வைத்து ரெகுலேற்றருக்குப் பின்னால் அளக்கலாம். சில மில்லிவோல்ற் இருக்கவேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில் வந்தால், பிழை கப்பாசிற்றரிலா லைனிலா என்று பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் அளந்தே பிரித்துவிடலாம்.

ஹீற் சிங்க்கில கை வைக்கேலாமல் கிடக்கு. பழுதாப் போச்சோ?

கட்டாயம் இல்லை. ஹீற் சிங்க் என்பது ரெகுலேற்றரின் சூட்டை வெளியே விடும் உலோகத் துண்டு. மேலே போட்ட கணக்கையே எடுங்கள். சராசரியாக 18.7 வோல்ற் உள்ளே போகிறது, 12 வெளியே வருகிறது. மிச்சம் 6.7 வோல்ற்றும் 1 அம்பியரோடு பெருக்கினால் 6.7 வாற் வெப்பம். லைன் 250க்கு ஏறினால் எட்டரை வாற் தாண்டும். இப்படி ரான்சிஸ்ரரைத் திறந்து மூடிச் சரிசெய்யும் லீனியர் ரெகுலேற்றர் வேண்டாததை எரித்துத்தான் வோல்ற்றேஜைச் சரியாக வைக்கிறது. சுமை மாறாமல் இருக்கச் சூடு மட்டும் முன்னையைவிடக் கூடியிருந்தால்தான் தேடவேண்டும். அனேகமாகக் காற்றோட்டத் துளைகள் தூசியில் அடைபட்டிருக்கும்.

பெஞ்ச் சப்ளையில வோல்ற் குமிழைத் திருப்பேக்க இடைக்கிடை டக் எண்டு சத்தம் வருது.

மேசையில் வைத்து வேண்டிய வோல்ற்றேஜை எடுக்கும் சப்ளையைத்தான் பெஞ்ச் சப்ளை என்கிறோம். இது பழுது இல்லை, கெட்டித்தனம். 30 வோல்ற் வரை தரும் சப்ளையில் நீங்கள் 3 வோல்ற் 3 அம்பியர் கேட்டால், மிச்சம் முழுவதையும் ரான்சிஸ்ரர் எரிக்கவேண்டி வரும். அதைத் தவிர்க்க ரான்ஸ்போமரில் பல எடுப்புகள் வைத்து, கேட்கும் வோல்ற்றேஜுக்கு ஏற்ற எடுப்பை ரிலே ஒன்று மாற்றுகிறது. சத்தம் ரிலேயுடையது.

சப்ளையில 5.00 எண்டு காட்டுது, போர்ட்டில அளந்தால் 4.8. எது பொய்?

இரண்டும் உண்மை. சப்ளை தன் வாயில் இருக்கும் வோல்ற்றேஜைத்தான் காவல் காக்கிறது. போக வர வயரில் மொத்தம் 0.1 ஓம் இருந்து 2 அம்பியர் ஓடினால் 0.2 வோல்ற் வழியிலேயே போய்விடும். முதலைவாய்க் கிளிப் துருப்பிடித்திருந்தால் இன்னும் மோசம். சில சப்ளைகளில் சென்ஸ் என்று இரண்டு தனி முனைகள் இருக்கும். அவற்றிலிருந்து மெல்லிய வயர் இரண்டைப் போர்ட் வரை கொண்டுபோனால், ஒப்பிடும் இடமே போர்ட்டுக்கு நகர்ந்துவிடும்.

மச்சான் ரொறன்ரோவிலயிருந்து ஸ்கோப் ஒண்டு அனுப்பினவர். 120 வோல்ற். இஞ்சை கொழுவலாமோ?

முதலில் பின்தகட்டைப் பாருங்கள். 100–240 என்று இருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 115, 230 என்று தெரிவு சுவிச் இருந்தால் 230க்குத் தள்ளி, பியூஸையும் தகட்டில் எழுதியபடி மாற்றவேண்டும். அனேகமாகப் பாதி அம்பியர். பலர் சுவிச்சை மாற்றிவிட்டுப் பியூஸை மறந்துவிடுகிறார்கள். 115இல் விட்டபடி இங்கே கொழுவினால், ரான்ஸ்போமர் வகையில் உள்ளே எல்லாம் இரட்டிப்பாகும். சில பழைய ஸ்விச்சிங் வகையில் (கரண்டை வேகமாக வெட்டி மாற்றுபவை, கீழே வரும்) 115 நிலையில் உள்ளே வோல்ற்றேஜை இரட்டிப்பாக்கும் சேர்க்கிற் வேலை செய்யும். 230 கொடுத்தால் கப்பாசிற்றர் இரண்டுக்கும் சேர்த்து 650 வோல்ற் விழும். வெடிக்கும்.

வெறும் 120 மட்டும் என்றால் ஸ்ரெப் டவுன் ரான்ஸ்போமர் வேண்டும். அதில் இன்னொரு சிக்கல்: அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. ரான்ஸ்போமர் இரும்புக்குள் ஏறும் காந்தப்பாயம் வோல்ற்றேஜை அதிர்வெண்ணால் வகுத்த அளவில் போகும். அதே 120ஐ 50 ஹேர்ட்ஸில் கொடுத்தால் பாயம் 20 வீதம் கூடும், இரும்பு நிரம்பி ரான்ஸ்போமர் உறுமும், சூடாகும். தகட்டில் 50–60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் கவலை இல்லை. 60 மட்டும் என்றால் 110 வோல்ற் எடுப்பில் ஓட்டுங்கள், கூடுதல் 10 வீதமாகக் குறையும். பயணிகள் கொண்டுவரும் சின்னக் கன்வேட்டர் வேண்டவே வேண்டாம். அவற்றில் பல அலையை வெட்டித்தான் குறைக்கின்றன, உச்சி குறையாது.

கரண்ட் போனால் இன்வேட்டரில ஓட்டலாமோ?

சைன் அலை தருவது என்றால் ஓட்டலாம். மலிவானவை சதுர அலை தரும். 230 வோல்ற் சைன் அலையின் உச்சி 325, தூய சதுர அலையின் உச்சி வெறும் 230. கப்பாசிற்றர் நிரம்புவது உச்சிக்குத்தான் என்பதால், பின்னேர நடுக்கத்துக்குப் போட்ட கணக்கு இங்கே இன்னும் மோசமாக விழும்.

லீனியரோ, ஸ்விச்சிங்கோ, எது நல்லம்?

ஸ்விச்சிங் சப்ளை 230ஐ நேரே டிசியாக்கி, அந்த 325 வோல்ற்றை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிச் சின்ன ரான்ஸ்போமர் ஒன்றுக்குள் அனுப்புகிறது. வெளியே வருவதை ரீஎல் 431 போன்ற 2.5 வோல்ற் றெபரன்ஸோடு ஒப்பிட்டு, ஒளியால் செய்தி அனுப்பும் ஒப்ரோகப்ளர் வழியாக வெட்டும் அளவை மாற்றுகிறது. பாரம் குறைவு, சூடு குறைவு. லைன் 190க்கு இறங்கினாலும் அசையாது. எங்கள் ஊர்க் கரண்டுக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை.

குறை என்னவென்றால் வெட்டுவதால் வரும் மின் இரைச்சல். சில மில்லிவோல்ற் அலையைப் பார்க்க வேண்டிய இடத்தில் அது குறுக்கிடும். அதனால்தான் நல்ல கருவிகளில் ஸ்விச்சிங் முன்னுக்கு, லீனியர் பின்னுக்கு என்று இரண்டும் இருக்கும். பெஞ்சுக்கு ஒரே ஒரு சப்ளை வாங்குகிறவருக்கு நான் இன்னமும் லீனியரைத்தான் சொல்வேன். திருத்தவும் இலேசு.

பழைய ஸ்கோப்பில பிறைற்னஸைக் கூட்டினால் அலையும் பெருக்குது. உது கண்ணுக்கு மட்டும் அப்பிடித் தெரியிறதோ?

கண் பிழை இல்லை, முடுக்கும் உயர் வோல்ற்றேஜ் தளர்கிறது. கதிர் எவ்வளவு விலகும் என்பது முடுக்கும் வோல்ற்றேஜுக்கு எதிர்விகிதம். வோல்ற்றேஜ் குறைந்தால் இலத்திரன் மெதுவாகப் போகும், தகடுகளுக்கு இடையில் கூட நேரம் நிற்கும், கூட விலகும். பிறைற்னஸைக் கூட்டும்போது கதிர் இழுக்கும் மின்னோட்டம் கூடுகிறது. நல்ல ரெகுலேற்றர் தாங்கும், பழுதானது சரியும். ஐந்து கட்டம் ஐந்தரையாகும், அளவும் பிழைக்கும்.

அந்தப் பக்கத்தில் வோல்ற்றேஜைப் பிரித்தெடுக்கும் மெகாஓம் ரெசிஸ்ரர்கள் வயதோடு மாறுவது வழமை. பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் பெட்டிகளில் உப்பு ஈரம் படிந்து கசிவதும் உண்டு. தூசியைத் துடைத்துக் காயவிட்டாலே சரியானவை இருக்கின்றன. 1000 வோல்ற் மல்ரிமீற்றரால் இங்கே அளக்கவேண்டாம், உயர் வோல்ற்றேஜ் புறோப் வேண்டும்.

ஒரு வோல்ற்றேஜ் பிழைச்சால் எல்லாம் சேர்ந்து பிழைக்குது. எதிலயிருந்து தொடங்கிறது?

பல ஸ்கோப்புகளில் ஒரு வோல்ற்றேஜ் மூத்தது. அதற்கு மட்டும் சொந்த றெபரன்ஸ். மற்றவை அதைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்யும். மூத்தது விழுந்தால் எல்லாம் விழும். கருவியின் மனுவலில் எது என்று இருக்கும், அங்கே தொடங்குங்கள். அலை பிழை, ரிறிகர் பிழை, எது பிழை என்று வந்தாலும் முதலில் வோல்ற்றேஜ்கள் எல்லாவற்றையும் அளந்து தாளில் எழுதாமல் வேறொன்றிலும் கை வைக்கவேண்டாம்.

ஒன்று பூச்சியத்தில் கிடந்தால் பெரும்பாலும் ரெகுலேற்றர் நல்லாகத்தான் இருக்கும். எங்கோ ஒரு ரான்ரலம் (tantalum) வகைக் கப்பாசிற்றர் ஷோர்ட்டாகி அதை நிலத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கும். கருவியை ஓஃப் பண்ணி, பெஞ்ச் சப்ளையை 1 வோல்ற்றுக்கும் அரை அம்பியருக்கும் கட்டுப்படுத்தி அந்த வழியில் கொடுத்து, மில்லிவோல்ற் எங்கே ஆகக் குறைகிறது என்று தொடர்ந்து போனால் ஆளைப் பிடிக்கலாம்.

பழசு எண்டால் கப்பாசிற்றர் எல்லாத்தையும் மாத்திவிடட்டோ?

வேண்டாம். அளந்து பிழையானதை மாற்றுங்கள். மொத்தமாக மாற்றப்போய் போர்ட்டின் செம்புப் பாதை பெயர்ந்து வந்த பெட்டிகள்தான் திருத்தக் கடினம்.

ஆனாலும் சூடு எங்கள் ஊரில் உண்மையான எதிரி. எலக்ற்றோலிற்றிக் கப்பாசிற்றரின் ஆயுள் 10 பாகை குறைய இரட்டிப்பாகும் என்பது நடைமுறைக் கணக்கு. 85 பாகையில் 2000 மணி நேரம் என்று போட்டிருந்தால் 55 பாகையில் 16,000. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடும் பெட்டியில் அது ஐந்தரை வருடம். மாற்றும்போது 105 பாகை வகையைக் கேட்டு வாங்குங்கள். கரண்ட் நுழையும் இடத்தில் இருக்கும், வெடிப்பு விழுந்த பழைய தாள் வகைக் கப்பாசிற்றரை மட்டும் கேள்வியில்லாமல் மாற்றலாம். ஈரம் ஏறி, மாரி காலத்தில் திடீரென்று புகைக்கும்.

ஏர்த் பின்னை வெட்டிப்போட்டால் ஷோர்ட் ஆகாமல் அளக்கலாம் எண்டு ஒராள் சொன்னவர். உண்மையோ?

ஷோர்ட் ஆகாது. ஆள் போகலாம். ஸ்கோப் புறோப்பின் கறுப்புக் கிளிப் பெட்டியின் உடலோடும், உடல் ஏர்த்தோடும் இணைந்திருக்கிறது. ஏர்த்தை வெட்டிவிட்டு ஸ்விச்சிங் சப்ளையின் 325 வோல்ற் பக்கத்தில் கிளிப்பை மாட்டினால், நீங்கள் கை வைக்கும் உடலிலும் குமிழிலும் லைன் ஏறும். ஒன்றிலும் மாட்டாவிட்டாலும், உள்ளே இருக்கும் பில்ரர் கப்பாசிற்றர்கள் உடலை லைனின் பாதி அளவுக்கு இழுத்து வைத்திருக்கும். தொட்டால் சுர் என்கிறதென்று பலர் சொல்வது இதைத்தான். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலம் கோடையில் காய்ந்தால் ஏர்த் கம்பியின் தடையும் ஏறும். அதையும் ஒருக்கால் சோதிப்பது நல்லது.

செய்யவேண்டியது, திருத்தும் சாமானை, லைனோடு நேரடித் தொடுப்பு இல்லாமல் கரண்டைத் தரும் ஐசொலேசன் ரான்ஸ்போமரில் ஓட்டுவது. ஸ்கோப் ஏர்த்தோடு இருக்கட்டும். அல்லது இரண்டு புறோப்பால் இரு புள்ளிகளையும் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். புறோப் அந்த வோல்ற்றேஜைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

திருத்தி முடிச்சாச்சு. முதல்தரம் ஓன் பண்ணப் பயமாக் கிடக்கு.

பயம் நியாயமானது. லைனோடு தொடராக 60 அல்லது 100 வாற் இழை பல்ப் ஒன்றைப் போடுங்கள். எல்ஈடி பல்ப் உதவாது. உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், கருவி தப்பும். ஒருகணம் மின்னி மங்கினால் நல்ல அறிகுறி. ஸ்விச்சிங் சப்ளை சிலது பல்ப்போடு தொடங்க மறுத்து டிக் டிக் என்று சத்தமிடும். சுமை இல்லாமல் ஓட்டினாலும் சிலது அப்படித்தான். உடனே பழுது என்று முடிவுகட்டவேண்டாம்.

ஓஃப் பண்ணிய பிறகும் 325 வோல்ற் கப்பாசிற்றர் நிறைந்து நிற்கலாம். ஸ்குறூட்றைவரால் ஷோர்ட் பண்ணாமல், சில கிலோஓம், 5 வாற் ரெசிஸ்ரர் ஒன்றால் இறக்கி, மீற்றரால் பூச்சியம் என்று பார்த்த பிறகே கை வையுங்கள். வோல்ற்றேஜ்கள் எல்லாம் சரியாக வந்தால் பல்ப்பைக் கழற்றி அரை மணி நேரம் ஓடவிட்டு, மூடியைப் பூட்டுவதற்கு முன் அதே இடங்களில் திரும்ப அளந்துபாருங்கள். குளிரில் சரியாக நிற்கும் ரெகுலேற்றர் சூடேறிய பிறகு விலகுவது உண்டு.